பொல்கொட வாவியில் வள்ளம் ஏறும் குடும்பங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை 6.45 இருக்கும். கொழும்புக்குத் தெற்கேயுள்ள பொல்கொட வாவியில் கண்டல் மரங்களின் ஓரமாக வள்ளத்தை நிறுத்தி, கொடுவா மீனுக்குத் தூண்டில் எறிந்துகொண்டிருந்தேன். பாணந்துறைப் பக்கமிருந்து இன்னொரு வள்ளம் வந்தது. கண்ணாடியிழை வள்ளம், 15 குதிரைவலு எஞ்சின், 9 பேர். வள்ளம் எதைக் கண்டாலும் ஆட்களை எண்ணுவது எனக்கு 25 வருடத்துக்கும் மேலான பழக்கம். அந்த 9 பேரில் மூவர் சிறுபிள்ளைகள். கடைசிக் குழந்தை தாயின் மடியில் நின்றபடி தண்ணீரைத் தொடுவதற்கு எட்டிக்கொண்டிருந்தது. செம்மஞ்சள் நிற உயிர்காப்பு அங்கிகள் 5 அந்த வள்ளத்தில் இருந்தன. வள்ளத்தின் முன்பகுதியான அணியத்தின் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே சாப்பாட்டுப் பெட்டியை வைத்திருந்தார்கள். ஒருவர் உடம்பிலும் ஒன்றுகூட இல்லை.

கையைக் காட்டினேன். ஓட்டி வந்தவர் வேகத்தைக் குறைத்தார். பிள்ளைகளுக்காவது ஜக்கெட்டைப் போட்டுவிடுங்கள் என்று சிங்களத்தில் கேட்டேன். அவர் சிரித்த முகத்தோடுதான் பதில் சொன்னார். "மாத்தயா, இந்த இடத்தில் நெஞ்சளவுகூடத் தண்ணீர் இல்லை." தகப்பன் போலத் தெரிந்தவர் தமிழில், "அங்கிள், அரை மணித்தியாலம்தான், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடுவோம்" என்றார். இருவருமே மரியாதையானவர்கள். கோபப்பட எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் போன பிறகு தூண்டிலில் மனம் ஓடவில்லை. மேசையில் உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கியதற்கு அந்த மடிக்குழந்தைதான் காரணம். பாடசாலை விடுமுறை வேறு வருகிறது.

எனக்கு வயது 63. வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவன். கோட்டையில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். வெள்ளவத்தை ரயில் பாதைக்கு அப்பால் இருக்கும் கற்களில் நின்று, பலகைத் துண்டில் சுற்றிய தங்கூசி நூலோடு மாமாவின் பக்கத்தில் மீன் பிடிக்கப் பழகினேன். சொந்தச் சம்பளத்தில் தூண்டில் கம்பான றொட்டும், நூல் சுற்றும் றீலும் வாங்கிய பிறகு 41 வருடமாகக் கொடுவாதான் என் மீன். பொல்கொட, நீர்கொழும்புக் களப்பு, களுகங்கை முகத்துவாரம், பெந்தோட்டை, வருடத்தில் ஒரு தடவை மட்டக்களப்பு வாவி. கொடுவா ஓடித் திரிந்து வேட்டையாடுவதை விட, மரவேரின் நிழலிலும் பாலத்தூணின் மறைவிலும் காத்திருந்து பாயும் மீன். வற்றுத் தண்ணீர் கண்டலுக்குள்ளிருந்து வாவிக்கு இறங்கும் அந்த ஒரு மணித்தியாலத்தில் சரியான இடத்தில் நிற்க வேண்டும். அதற்காகத்தான் விடியுமுன் வள்ளம் ஏறுகிறோம், நின்றுகொண்டு எறிகிறோம், இருட்டியும் திரும்பாமல் இருக்கிறோம். இந்த மீனைத் தேடுபவன் செய்யும் ஒவ்வொரு காரியமும் தண்ணீரில் விழ வைக்கும் காரியம்தான். இதை நான் அறிந்து சொல்கிறேன்.

1999 நவம்பரில் ஒரு பின்னேரம். மனைவியின் தம்பியும் நானும் தெரிந்தவர் ஒருவரின் வள்ளத்தை இரவல் வாங்கிக்கொண்டு இதே வாவிக்குப் போனோம். மழைக்குப் பிறகு ஆகாயத்தாமரை திட்டுத் திட்டாக மிதந்து வந்துகொண்டிருந்தது. நான் எஞ்சினில். முன்னால் வழி தெரியவில்லை என்று பாதி எழுந்து நின்றபடி ஓட்டினேன். ஒரு திட்டுக்குள் மரக்கட்டை இருந்திருக்கிறது. இடித்ததும் நான் பின்பக்கமாகத் தண்ணீரில்.

எனக்கு நன்றாக நீந்தத் தெரியும். அன்றைக்கும் தெரியும். தலையை வெளியே எடுத்தபோது வள்ளம் என்னை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. சரி, மச்சான் உள்ளே இருக்கிறான், திருப்பிக்கொண்டு வருவான் என்று நினைத்தேன். வள்ளம் திரும்பித்தான் வந்தது. அவன் திருப்பவில்லை, தானாகத் திரும்பியது. ஓடும் எஞ்சினின் கைப்பிடியை விட்டுவிட்டால், விசிறியின் சுழற்சியே எஞ்சினை ஒரு பக்கமாக இழுத்து மடக்கிவிடும். பிறகு வள்ளம் நேரே போகாது. விழுந்தவனை நடுவில் வைத்து வட்டமிடும். முதல் வட்டத்தில் என்னிடமிருந்து மூன்று பாகம், அதாவது 18 அடி, தள்ளிப் போனது. இரண்டாவதில் அலை முகத்தில் அடித்தது. மூன்றாவதில் நான் உள்ளே அமிழப் பார்த்தேன், கால் அமிழவில்லை. இடது கெண்டைக்காலை விசிறி வெட்டியது.

மச்சானுக்கு நீந்தத் தெரியாது. சாய்ந்து சுற்றும் வள்ளத்தில் நாலு காலில் தவழ்ந்து பின்னால் வந்தான். எஞ்சினை எப்படி நிறுத்துவது என்பது அவனுக்குத் தெரியாது. நான் காட்டிக் கொடுத்திருக்கவில்லை. கைக்கு எட்டிய பெற்றோல் குழாயைப் பிடுங்கினான். பிடுங்கிய பிறகும் உள்ளே மிச்சமிருந்த பெற்றோலில் அரை நிமிடத்துக்கு மேலாக அது ஓடியது. அந்த அரை நிமிடத்தில் நான் வலைக்காரர் நட்டிருந்த ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டேன். 17 தையல். இன்றைக்கும் மழைக்காலத்தில் அந்தக் கால் இழுக்கும்.

அந்த எஞ்சினில் அவசர நிறுத்தக் கயிறு இருந்திருக்க வேண்டும். வெளியிணைப்பு எஞ்சின்களில் பார்த்திருப்பீர்கள்: சிவப்புப் பொத்தான், அதன் அடியில் செருகிய சிறு கொளுவி, கொளுவியிலிருந்து ஒரு சுருள் கயிறு. கயிற்றின் மறுநுனியை ஓட்டுபவர் தன் மணிக்கட்டிலோ தொடையிலோ மாட்டிக்கொள்ள வேண்டும். ஆள் விழுந்தால் கொளுவி கழன்று எஞ்சின் அந்த நொடியே நின்றுவிடும். எங்கள் வள்ளத்தில் கயிறு தொலைந்து போய், கொளுவிக்குப் பதிலாக யாரோ பிளாஸ்ரிக் துண்டு ஒன்றைச் சீவி வைத்திருந்தார்கள். புறப்படும்போது அதை நான் என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் எஞ்சினை இழுத்தேன். வள்ளம் தந்தவரை நான் குறை சொல்லவில்லை. ஓட்டியவன் நான்.

இப்போதும் வாடகை வள்ளங்களில் பத்தில் எத்தனையில் கயிறு ஓட்டுபவரின் கையில் இருக்கிறது என்று வாசகர்களே அடுத்த தடவை பாருங்கள். பெரும்பாலும் கயிறு எஞ்சினிலேயே சுற்றிக் கிடக்கும், அல்லது சீவிய துண்டு இருக்கும். ஓட்டுபவர்கள் சொல்லும் காரணம், அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்ட முடியாது என்பது. அவர்கள் எழுந்து போகும் அந்த நேரத்துக்காகத்தான் அந்தக் கயிறே செய்யப்பட்டது.

அமெரிக்காவில் 2021 ஏப்ரல் 1 முதல், 26 அடிக்குக் குறைந்த உல்லாசப் படகுகளை ஓட்டுபவர்கள் ஓடும்போது இந்தக் கயிற்றை மாட்டியிருக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே அங்கே பாஸ் மீன் போட்டிக்காரர்கள் இதைத் தங்களுக்குள் விதியாக வைத்திருந்தார்கள். பரிசுப் பணத்துக்காக விடியற்காலையில் பெரிய எஞ்சின்களோடு பாய்கிறவர்கள் அவர்கள். பெரிய எஞ்சின் ஓடும் நேரம் முழுவதும் உயிர்காப்பு அங்கி உடம்பில் இருக்க வேண்டும். மீறினால் அன்று பிடித்த மீன் எத்தனை பெரிதானாலும் ஆளைப் போட்டியிலிருந்து நீக்கலாம். அந்த நாட்டுக் கரையோரக் காவல்படை வருடா வருடம் வெளியிடும் கணக்கைப் பார்த்தால், படகு விபத்தில் இறப்பவர்களில் ஏறக்குறைய நால்வரில் மூவர் நீரில் மூழ்கித்தான் இறக்கிறார்கள். அப்படி மூழ்கியவர்களில் நூற்றுக்கு 80க்கும் மேற்பட்டோர் அங்கி அணியாதவர்கள். படகில் அங்கி இருந்ததா இல்லையா என்பது வேறு கேள்வி. அணியவில்லை.

பாஸ் என்றதும் ஒரு விளக்கம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கனடாவில் இருக்கும் என் மகன் சண்டைக்கு வருவான். கொடுவாவை ஆங்கிலத்தில் ஆசியக் கடல் பாஸ் என்பார்கள். அவன் பிடிக்கும் பெரிய வாய்ப் பாஸ் வேறு இனம். அது நன்னீரில் பிறந்து நன்னீரிலேயே முடிகிற மீன். கொடுவாவோ முட்டையிட உவர்நீரைத் தேடி முகத்துவாரத்துக்கு இறங்குகிறது. ஆனால் இரண்டும் ஒளிந்திருந்து பாய்கிற விதமும், லூரை, அதாவது செயற்கை இரையை, விழுங்கிவிட்டு வாயை அகலத் திறந்து தலையை உதறுகிற உதறலும் அப்படியே ஒன்று. அந்த பாஸின் உலக சாதனை 22 இறாத்தல் 4 அவுன்ஸ். 1932இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் பிடிக்கப்பட்டது. 77 வருடம் கழித்து, 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் அதே அளவு மீன் ஒன்று பிடிபட்டு அந்தச் சாதனையைச் சமன் செய்தது. இந்தக் கதையை மகன் எனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பான் என்று கணக்கில்லை.

2019இல் அவனிடம் போயிருந்தபோது ஒன்டாரியோவில் ஸ்கூகொக் ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். இறங்குதுறையில் வள்ளத்தைத் தண்ணீரில் விட்டதும் எனக்கு ஒரு ஜக்கெட்டைத் தந்தான். காலுக்குக் கீழே வைத்தேன். அவன் எஞ்சினைத் தொடவில்லை. "அப்பா, நீங்கள் போடும் வரைக்கும் இங்கேயே நிற்போம்" என்றான். என் பிள்ளை எனக்குச் சட்டம் சொல்கிறான் என்று முதலில் முகம் சுளித்தேன். 1999இல் அவனுக்கு வயது 8. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று என் காலைப் பார்த்துக்கொண்டே இருந்த பிள்ளை. அது நினைவுக்கு வந்ததும் பேசாமல் போட்டுக்கொண்டேன்.

அன்று நடு ஏரியில் மீன்வள அதிகாரிகள் இருவர் வந்து சோதித்தார்கள். அனுமதிச்சீட்டையும் மீனையும் பார்த்தது போக, வள்ளத்தில் இருந்த சாமான்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஆளுக்கொரு அங்கி, ஊதி, தண்ணீர் இறைக்கும் சட்டி, விழுந்தவருக்கு எறிய 15 மீற்றர் மிதக்கும் கயிறு. மகன் எஞ்சின் ஓட்டுவதற்குப் பரீட்சை எழுதிப் பெற்ற அட்டையையும் காட்டினான். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. நல்ல மீன் கிடைக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் அந்த மிதக்கும் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு எளிய சாமான்! நம் ஊரில் நைலோன் கயிற்றின் நுனியில் மூடி இறுக்கிய வெற்றுப் போத்தல் ஒன்றைக் கட்டினால் அதே வேலையைச் செய்யும். ஊருக்குத் திரும்பிய கிழமையே ஒன்று செய்து வைத்தேன். 5 லீற்றர் போத்தல். எறிய வசதியாக உள்ளே ஒரு கோப்பைத் தண்ணீர் விட்டிருக்கிறேன், வெறும் போத்தல் காற்றில் திரும்பிவிடும்.

வெக்கை என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஏப்ரல் மாதம் கொழும்பில் காலை 9 மணிக்குப் பிறகு தடித்த அங்கிக்குள் இருப்பது சுகமான காரியமில்லை. தோள்பக்கம் அகலமாக வெட்டிய, துடுப்புப் போடுபவர்கள் அணிகிற வகை இருக்கிறது, அது எவ்வளவோ தேவலை. வாங்கும்போது உள்ளே தைத்திருக்கும் துணிச்சீட்டைப் படியுங்கள். மிதக்கவைக்கும் விசை நியூட்டனில் போட்டிருக்கும். 50 என்றால் நீந்தத் தெரிந்தவருக்கு, உதவி பக்கத்தில் இருக்கும் இடத்துக்கு. நீந்தத் தெரியாதவருக்கும் பிள்ளைகளுக்கும் 100 வேண்டும். கழுத்துப் பட்டையோடு வருவது, முகத்தை மேலே வைத்திருக்கப் பார்க்கும். எத்தனை கிலோ உடம்புக்கு என்பதும் அதே சீட்டில் இருக்கும். பெரிய ஆளின் அங்கியைப் பிள்ளைக்குப் போட்டுவிட்டால் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. தண்ணீரில் அங்கி மேலே போகும், பிள்ளை அதற்குள்ளிருந்து வழுகிக் கீழே போகும். சிறுபிள்ளை அங்கியில் இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு பட்டி இருக்க வேண்டும். மாட்டிய பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி காதைத் தாண்டி ஏறினால் அந்தப் பிள்ளைக்கு அது உதவாது.

வாடகை வள்ளங்களில் வெயிலில் கிடந்து வெளுத்த அங்கிகளை நான் விரலால் அழுத்திப் பார்ப்பதுண்டு. பொருபொருவென்று நொறுங்கும், அல்லது அழுத்திய பள்ளம் மேலே வராது. சில, வாரக்கணக்கில் இருக்கையாகப் பாவித்து அப்பளமாகிவிட்டன. கொளுவி உடைந்திருந்தால் கயிற்றால் கட்டியிருப்பார்கள். எண்ணிக்கைக்கு 5 என்று காட்டப்படுவதில் நம்பக்கூடியது 2 இருந்தால் பெரிது.

ஆழமில்லை என்கிற பதிலைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. பொல்கொடவின் அடி, சேறு. நெஞ்சளவுத் தண்ணீரில் கால் ஊன்றினால் முழங்கால் வரை இறங்கும், பிறகு அது கழுத்தளவுத் தண்ணீர். மூன்று வயதுப் பிள்ளைக்கு நெஞ்சளவு என்பது என்ன அளவு? 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவை கவிழ்ந்தது கடலிலா நடந்தது? பாலம் கட்டும் காலத்தில் மாற்றாக ஓடியது, அக்கரைக்குப் போக சில நிமிடம். காலையில் பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே போய்விட்டார்கள். 2017 பெப்ரவரியில் கட்டுக்குருந்தவில், தேவாலயத் திருவிழாவுக்குக் குடும்பம் குடும்பமாக ஏறிய மீன்பிடிப் படகு கவிழ்ந்து பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதுவும் கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரம்தான். ஒவ்வொன்றுக்கும் பிறகு சில கிழமைகள் எல்லோரும் அங்கியைப் பற்றிக் கதைத்தோம். பிறகு அங்கி அணியத்தின் கீழே போய்விட்டது.

இடி மின்னலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேல் மாகாணத்தில் ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேர இடி மின்னல் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். நாங்கள் பிடித்துக்கொண்டு நிற்கும் றொட் காபன் இழையால் ஆனது; மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தட்டையான தண்ணீரின் நடுவே ஏழடிக் காபன் கம்பை உயர்த்திப் பிடித்து நிற்பவனை விட உயரமான பொருள் அங்கே வேறில்லை. ஒரு தடவை தெற்கு பொல்கொடவில் என் றொட் வண்டு இரைவதுபோல இரையத் தொடங்கியது. முன்கை மயிர் எழுந்து நின்றது. றொட்டை அப்படியே தளத்தில் போட்டுவிட்டுக் குனிந்தபடி கரைக்கு ஓட்டினோம். மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையே எண்ணிப் பார்க்கலாம்: 3 செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். 30 எண்ணுவதற்குள் முழங்கினால் இடி 10 கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது, உடனே கரை. கடைசி முழக்கத்துக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப இறங்க வேண்டும். நல்ல மீன் கடிக்கும் நேரமும் அதே நேரமாக இருப்பது எங்கள் கெடுகாலம். ஆனாலும் கரைதான்.

பயணத்திலும் இப்படித்தான். முன்பெல்லாம் மட்டக்களப்புக்கு வெள்ளி இரவு வேலை முடித்து வான் வண்டியில் புறப்படுவோம். 300 கிலோமீற்றருக்கு மேல். விடிய வாவியில் நிற்போம், ஞாயிறு பின்னேரம் வரை மீன், அப்படியே திரும்பவும் இரவோடு இரவாகக் கொழும்பு. இரண்டு இரவு தூங்காதவன் ஓட்டும் வானில் நாலு பேர். ஹபரணைக்குக் கிட்ட ஒரு தடவை ஓட்டிக்கொண்டிருந்த நண்பன் கண் அயர்ந்ததும், பாதையில் நின்ற யானையைப் பக்கத்து இருக்கையில் இருந்தவர் கண்டு கத்தியதும் ஒரே நேரம். அன்றோடு அந்தப் பழக்கம் முடிந்தது. இப்போது ரயில். றொட்டுகளை இரண்டங்குல பீவீசீ குழாய்க்குள் போட்டு இரண்டு பக்கமும் மூடிவிடுவேன். லூர்களிலிருந்து தூண்டில் முட்களைக் கழற்றித் தனிப் பெட்டியில் வைப்பேன், நெரிசலில் பிள்ளைகளின் கை பட்டுவிடக் கூடாது. ரயிலும் அதே காடுகளுக்குள்ளால்தான் போகிறது. 2025 பெப்ரவரியில் அந்தப் பாதையில் ரயில் மோதி ஆறு யானைகள் இறந்தது இன்னும் மனதைப் பிசைகிறது. அந்த இடத்தில் மெதுவாகப் போனால் ஒரு மணித்தியாலம் பிந்தும் என்றால் எனக்குச் சம்மதம். மீன் எங்கும் போய்விடாது.

மட்டக்களப்பு வாவியில் என்னைக் கூட்டிப்போகும் அண்ணன் 70 வயது தாண்டியவர், பரம்பரை மீனவர். கல்லடிப் பாலத்துக்குக் கீழே நின்று மேற்கே பார்த்துவிட்டு, "தம்பி, பத்து மணிக்குக் கச்சான் எழும்பும், அதுக்குள்ள வந்திரணும்" என்பார். கச்சான் என்பது மேற்கிலிருந்து வீசும் காற்று. வந்துவிடுவோம். ஒரு தடவை நல்ல கொடுவாக்கள் மேலே வந்துகொண்டிருந்தபோது அவர் தூண்டிலைச் சுருட்டச் சொன்னார். எனக்கு மனமில்லை. கரைக்கு வந்து தேநீர் குடித்து முடிக்கவில்லை, வாவி முழுக்க வெள்ளை நுரை. இவ்வளவு தெரிந்த அந்த அண்ணனும் அங்கி போடுவதில்லை என்பதுதான் என் மனக்குறை. மூன்று வருடமாகக் கேட்கிறேன். சென்ற தடவை ஒன்று வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். "உனக்காகப் போடுறன்" என்று போட்டுக்கொண்டார்.

பிடித்த மீனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இளம் பிள்ளைகள் பெரிய கொடுவாவைத் தூக்கிப் பிடித்து எடுத்த படத்தை என்னிடம் காட்டும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, விட்டீர்களா என்பது. கொடுவா ஆணாக வளர்ந்து, சில வருடம் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். ஆகவே பெரிதெல்லாம் அநேகமாக முட்டை சுமக்கும் பெண். நான் வீட்டுக்கு ஒன்று எடுத்தால் நடுத்தர அளவில்தான் எடுப்பேன். கை நீளத்தை மீறியதைத் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி விட்டுவிடுவேன். முள்ளின் எதிர்க்கொக்கியை முன்பே குறட்டால் நசுக்கி வைத்தால் கழற்றுவது சுலபம். மீனுக்கும் நல்லது, மனிதச் சதையில் ஏறினாலும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் எடுத்துவிடலாம்.

இப்போது என் வேண்டுகோள். வாவிகளில் வள்ளம் ஓட அனுமதி கொடுக்கும் அதிகாரிகள் யாராயினும், இறங்குதுறை ஒவ்வொன்றிலும் மூன்று மொழியிலும் ஒரு பலகை வைக்க வேண்டும். இந்த வள்ளத்தில் இத்தனை பேர், அதற்கு மேல் இல்லை. அங்கி உடம்பில் இல்லாமல் வள்ளத்தைக் கட்டிய கயிறு அவிழ்க்கப்படாது. ஓட்டுபவர் கையில் நிறுத்தக் கயிறு இருக்கும். இந்த மூன்றும் போதும். ஹெல்மெட் இல்லாமல் காலி வீதியில் மோட்டார் சைக்கிள் ஓடினால் பொலிஸ் மறிக்கிறது, நாமும் பழகிவிட்டோம். விடுமுறை நாட்களில் காலையில் இரண்டு பொலிஸார் இறங்குதுறையில் நின்றாலே இதுவும் பழகிவிடும். வள்ளக்காரர்கள் ஏழைகள், நல்ல அங்கி ஒன்றின் விலை அவர்களுக்குச் சிறிதில்லை. பிள்ளை அளவு அங்கிகளை உள்ளூராட்சி சபைகள் வாங்கி இறங்குதுறையில் வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு இரவல் கொடுக்கலாம்.

அது வரும் வரைக்கும் பெற்றோரிடம் கேட்கிறேன். காசு கொடுப்பதற்கு முன் அங்கியைக் கேளுங்கள். பிள்ளைக்கு அளவானது இல்லையென்றால் அந்த வள்ளத்தில் ஏறாதீர்கள். ஓட்டுபவரிடம் எஞ்சினை எப்படி நிறுத்துவது என்று வீட்டில் ஒருவராவது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நான் மனைவியிடம் நேரத்தைச் சொல்வேன். அரை மணித்தியாலம் பிந்தினால் அவள் அழைப்பாள், அழைப்பு வந்ததும் எடுப்பதற்காகத் தொலைபேசியைத் தண்ணீர் புகாத பைக்குள் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பேன். வள்ளம் கவிழ்ந்தால் கரை எவ்வளவு கிட்டத் தெரிந்தாலும் நீந்தப் போகாதீர்கள், கவிழ்ந்த வள்ளத்தையே பிடித்துக்கொண்டிருங்கள். யாராவது விழுந்தால் பின்னால் குதிக்காதீர்கள். துடுப்பை நீட்டுங்கள், போத்தல் கட்டிய கயிற்றை எறியுங்கள்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கற்களில் நின்று மீன் பிடிக்கும் தம்பிமாருக்கும் ஒன்று. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை, தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் கடல் பத்து நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு ஒரே அலையில் கல்லின் உச்சிக்கு ஏறும். எறியத் தொடங்குவதற்கு முன் கால் மணித்தியாலம் தள்ளி நின்று பாருங்கள். பச்சைப் பாசி படர்ந்த கல்லில் செருப்போடு ஏற வேண்டாம். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ரயில் பாதையால் நடக்க வேண்டாம். கடல் இரைச்சலில் ரயில் சத்தம் கேட்காது. என் மாமா அந்தப் பாதையைக் கடக்கும்போது தூண்டிலை ஒரு கையில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் என் சட்டைக் கழுத்தைப் பிடித்திருப்பார்.

வருகிற ஞாயிறு மறுபடியும் பொல்கொடவுக்குப் போகிறேன். பொரளைப் பக்கம் ஒரு கடையில் கால்பட்டி வைத்த சிறுபிள்ளை அங்கிகள் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். அன்று என்னோடு சிரித்துப் பேசிய அந்த ஓட்டுநரைத் தேடிப் பிடித்து, பணம் எதுவும் வேண்டாம், ஆனால் எந்தப் பிள்ளை ஏறினாலும் இதைப் போட்டுவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கப் போகிறேன். எஞ்சினுக்கு ஒரு சிவப்புக் கயிறும் எடுத்திருக்கிறேன், அவருடைய எஞ்சினுக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
கொடுவாத் தூண்டில்காரன் ஒருவன்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.